மலைக்குளிரில் நாயின் வயிறு: தயிர், புரோபயாடிக், இன்னும் சில

நாய்க்கு வயிறு போனால் மலையில் கை முதலில் தேடுவது தயிர்ச் சட்டியை. அதில் நிற்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் ஒரு அட்டை வாங்கி, பாதி மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டிலும் இருக்கும் அக்கறை உண்மையானது. ஆனால் ஊட்டியில் டிசம்பர் மாதம் உறை ஊற்றிய தயிரும் கோயம்புத்தூரில் உறைந்த தயிரும் ஒன்றல்ல. மெட்ரோனிடசோலோ குடலில் இருக்க வேண்டியதையும் சேர்த்தே அழிக்கும் மருந்து. புரோபயாடிக் என்றால் உயிருள்ள நுண்ணுயிர். சரியான வகை, போதுமான எண்ணிக்கையில், உயிரோடு நாயின் குடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர், ஈரம், உயரம் மூன்றும் அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு செய்தால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு டாக்டரிடம் போக வேண்டிய நேரமும் பிடிபட்டுவிடும்.

முதலில் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாயின் எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் அமைலேஸ் கிடையாது. அந்த வேலை முழுக்கச் சிறுகுடலில், கணையநீரால் நடக்கிறது. அங்கே செரிக்காமல் மிஞ்சும் நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் உணவு. இன்னொரு கூட்டம் பித்த அமிலங்களை மாற்றி அமைக்கிறது. குளோஸ்ட்ரிடியம் ஹிரனோனிஸ் என்ற ஒரே பாக்டீரியா நாயின் குடலில் இந்த வேலையின் பெரும்பங்கைச் சுமக்கிறது. அது இருக்கும்வரை கெட்ட கிருமிகள் எளிதில் தலையெடுக்க முடியாது. மெட்ரோனிடசோல் கொடுத்தால் முதலில் விழுவது இதுதான். நோயே இல்லாத நாய்களுக்கு இரண்டு வாரம் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நிறுத்திப் பல வாரம் ஆகியும் சில நாய்களின் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சாதாரணப் பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று கால்நடை மருத்துவம் இப்போது சொல்வதற்குக் காரணம் இது. டாக்டர் பார்த்து எழுதினால் கொடுங்கள், நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் மலத்தைப் பாருங்கள். புல்லில் போனதை ஒரு குச்சியால் விலக்கிப் பார்த்தாலே பாதி விவரம் கிடைக்கும். நல்ல மலம் எடுத்தால் உடையாமல் வரும், தரையில் ஈரத்தடம் லேசாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நிறைய, தண்ணீராகவோ கூழாகவோ போய், நாய் மெலிந்துகொண்டே வந்தால் கோளாறு சிறுகுடலில். ஐந்து ஆறு தடவைக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போய், மேலே சளி பளபளவென்று ஒட்டியிருந்து, கடைசியில் இரண்டு சொட்டு சிவந்த ரத்தம் விழுந்தால் கோளாறு பெருங்குடலில். தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது. சாம்பல் மஞ்சளாக, எண்ணெய் மினுக்கோடு, மூக்கைப் பொத்தும் நாற்றத்தோடு போனால் கொழுப்பு செரிக்கவில்லை. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் வார்த்தை தேட வேண்டியதில்லை.

சில நிலைகளில் தயிரும் வேண்டாம், புரோபயாடிக்கும் வேண்டாம், நேராக மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டி, தடுப்பூசி முழுதாகப் போடாதது, வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவது, தக்காளிச் சாறு போல ரத்தமாகப் போவது, காய்ச்சல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, நிற்க முடியாமல் படுத்துவிடுவது, வயிறு உப்பி வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவிப்பது ஆகியவை அந்த நிலைகள். குட்டிக்கு ரத்தப்பேதி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே முதலில் நினைக்க வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், குளிர்ந்த மண்ணில் இன்னும் அதிக நாள். நாய் படுத்த இடத்தை வெறும் ஃபினாயிலால் கழுவிப் பயனில்லை. வீட்டில் வெள்ளைத் துணிக்கு ஊற்றும் பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். இன்னொன்று: தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல் நிற்கும் நாயின் வாய்க்குள் தயிரோ மாத்திரையோ வைக்கக் கையை விடாதீர்கள். அது வயிற்றுக் கோளாறாக இல்லாமல் வெறிநோயாக இருக்கலாம். அந்த நோய்க்குத் தடுப்பூசி செய்வதற்கே 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய குன்னூர் நம் மலையில்தான் இருக்கிறது. இதில் நமக்கு அலட்சியம் கூடாது.

மேலே சொன்னது எதுவும் இல்லை, வளர்ந்த நாய், சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, பேதி மட்டும் என்றால் வீட்டில் இரண்டு நாள் பார்க்கலாம். ஒரு வேளை உணவை நிறுத்தலாம், 12 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட வேண்டாம். குட்டிகளையும் பொமரேனியன் போன்ற சிறு நாய்களையும் பட்டினியே போடக் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தண்ணீரை மட்டும் எப்போதும் நிறுத்தாதீர்கள். சுவையூட்டாத ஓஆர்எஸ் சிறிய பாக்கெட்டை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, 10 கிலோ நாய்க்குக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வையுங்கள். ஒரேயடியாகக் கிண்ணம் நிறைய வைத்தால் குடித்த வேகத்தில் வாந்தி எடுக்கும். உடலில் நீர் போதுமா என்று பார்க்கத் தோள்பட்டைத் தோலைத் தூக்கி விடுங்கள், உடனே கீழே போய்ப் படிய வேண்டும். ஈறைத் தொட்டால் வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தோல் மடிந்தே நின்றாலோ ஈறு பசை போல ஒட்டினாலோ அது ஊசிவழி நீர் ஏற்ற வேண்டிய நிலை.

அந்தத் தண்ணீர் எது என்பதும் முக்கியம். ஓடைத் தண்ணீரும் சுனைத் தண்ணீரும் கண்ணாடி போல இருப்பதால் சுத்தம் என்று நம்புகிறோம். குளிர்ந்த நீரில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டையுறைகள் வாரக்கணக்கில் சாகாமல் இருக்கும். மேலே ஆடும் மாடும் மேயும் ஓடை என்றால் இன்னும் சந்தேகம். கொதிக்கவைத்தால் செத்துவிடும், ஆனால் இங்கே ஒரு கணக்கு உண்டு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டரில். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சமவெளியில் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

அதே கணக்கு சோற்றுக்கும் பொருந்தும். மலையில் நாய்களுக்கு நீண்ட நாள் வயிறு சரியில்லாமல் இருப்பதற்கு அரைவேக்காட்டுச் சோறும் ஒரு காரணம் என்பது என் கருத்து, இதை யாரும் பேசுவதில்லை. திறந்த பாத்திரத்தில் வடித்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் புள்ளி போல வெள்ளையாகத் தெரிந்தால் அந்த மாவு இன்னும் வேகவில்லை. நாமென்றால் மென்று விழுங்குவோம். நாய் அப்படியே விழுங்கும், எச்சிலிலும் உதவி கிடையாது. வேகாத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவும் இளக்கமும் உண்டாக்கும். நாய்க்கு வைக்கும் சோற்றைக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீர், ஐந்தாறு விசில், ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விடுவது. கரண்டியால் தட்டினால் மசிய வேண்டும். ராகிக் களியும் இப்படித்தான், மாவு வாசனை போகும்வரை கிண்ட வேண்டும். பேதியின் முதல் இரண்டு நாளில் ராகி வேண்டாம், நார் அதிகம்.

பேதி நாளில் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 390 கலோரி போதும். அதற்கு 70 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்து, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 85 கிராம் சேர்த்தால் சரியாக வரும். 20 கிலோ நாய்க்கு இதை இரட்டிப்பாக்கக் கூடாது, 120 கிராம் அரிசியும் 140 கிராம் வெந்த கறியும் போதும். எடை இரட்டிப்பானாலும் உடலின் தேவை அதே அளவு ஏறுவதில்லை. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் வேண்டாம். நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். இரண்டு தடவை மலம் கட்டியாகப் போன பிறகு, நாலைந்து நாளில் கால் பங்கு கால் பங்காகப் பழைய உணவுக்குத் திரும்பலாம். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மாட்டுக் கொழுப்பையும் ஆட்டுக் கொழுப்பையும் சோற்றில் உருக்கி ஊற்றும் பழக்கம் இங்கே உண்டு. வெளியில் படுக்கும் நாய்க்குக் குளிர்காலத்தில் கூடுதல் உணவு தேவை என்பது சரிதான். அதை ஒரே நாளில் கொழுப்பாகக் கொட்டினால் கணையம் வீங்கி, நாய் முதுகை வளைத்துக்கொண்டு வலியில் நிற்கும்.

இனி புரோபயாடிக்.

நாய்களில் சோதித்துப் பார்த்தவை எண்ணிச் சொல்லும் அளவுதான். எண்டரோகாக்கஸ் ஃபீசியம், அதிலும் எஸ்எஃப்68 என்ற ரகம், நாய்க்கென்றே வரும் பொடிகளில் அதிகம் இருக்கும். பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் ஏஹெச்சி7, லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸ், சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் ஆகியவை அடுத்தவை. திடீர்ப் பேதியில் இவை செய்வது, தானாக நிற்க வேண்டிய பேதியை ஒன்றிரண்டு நாள் முன்னதாக நிறுத்துவது. அவ்வளவுதான். புழு இருந்தால் புழுவைக் கொல்லாது, பார்வோவைக் குணமாக்காது, தொண்டையில் மாட்டிய எலும்பை இறக்காது. கடையில் யாராவது எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பாக்கெட்டின் சீட்டில் என்ன பார்க்க வேண்டும்? பாக்டீரியாவின் பெயர் முழுதாக இருக்க வேண்டும், ரகத்தின் எண்ணோடு. ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கிராமில் எத்தனை சிஎஃப்யூ என்பது இருக்க வேண்டும். சிஎஃப்யூ என்பது முளைத்துப் பெருகக்கூடிய உயிர்களின் எண்ணிக்கை. அந்த எண் தயாரித்த நாளுக்கானதா, காலாவதி நாள்வரை உத்தரவாதமா என்பதையும் பாருங்கள், இரண்டாவதுதான் நமக்குப் பயன்படும். பல பொருட்களை ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பார்த்தபோது சீட்டில் எழுதியது உள்ளே இல்லை என்பது திரும்பத் திரும்ப வெளிவந்த விஷயம். ஆகவே பெயர் தெரிந்த, நாய்க்கென்று செய்த பொடி மேல். நாய்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 10 கோடியிலிருந்து 1,000 கோடி சிஎஃப்யூ வரை, பொருளைப் பொறுத்து. பாக்கெட்டில் எழுதியதை மீறி இரட்டிப்பாகக் கொடுப்பதில் லாபம் இல்லை, வாயுதான் கூடும்.

மனிதர்களுக்கு விற்கும் பொருட்களில் மலைக்கு ஏற்றவை வித்து வகை. பாசில்லஸ் கிளாசி, பாசில்லஸ் கோயாகுலன்ஸ் இரண்டும் தங்களைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கும் ஜாதி. எண்டரோஜெர்மினா என்று விற்கும் 5 மில்லி குப்பியில் கிளாசி வித்துகள் 200 கோடி. கோயாகுலன்ஸைப் பழைய சீட்டுகளில் லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜீனஸ் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இவை வெயிலையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும். வித்தில்லாத லாக்டோபாசில்லஸ் தாங்காது. யோசித்துப் பாருங்கள்: பார்சல் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ ஏப்ரல் வெயிலில் ஒரு பகல் முழுக்க வண்டிக்குள் கிடந்து, மறுநாள் மலையேறி, இங்கே கடைக்கு வருகிறது. தொடும்போது சில்லென்று இருக்கும், உள்ளே பாதி செத்திருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் பொருளைக் கடையில் அலமாரியில் வைத்திருந்தால் வாங்காதீர்கள். மனிதர்களுக்கான எதையும் நாயின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். இனிப்புக்கு சைலிட்டால் சேர்த்த பொருளாக இருந்தால் தொடவே கூடாது, நாய்க்கு அது விஷம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதிரி ஈரம். ஜூனில் கூடலூர் பக்கமும் அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மேகம் வீட்டுக்குள்ளேயே நடமாடும் நாட்களில், ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பாதி போட்டு மடித்து வைத்தால், மறுநாள் பொடி ஓரத்தில் கற்கண்டு போலக் கட்டி பிடித்திருக்கும். அந்த ஈரத்தில் உறக்கம் கலைந்த பாக்டீரியாக்கள் தின்ன ஒன்றுமில்லாமல் சாகும். மீந்த பாதியை மூடி இறுகும் சிறு எவர்சில்வர் டப்பாவில், மாத்திரைக் குப்பிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, விறகடுப்பின் சூடு படாமல் தள்ளி வையுங்கள். சோற்றில் கலக்கும்போதும் கவனம் வேண்டும். குளிரில் நாய்க்குச் சூடாக வைக்கத் தோன்றும். ஆவி பறக்கும் சோற்றில் தூவினால் வித்தில்லாதவை அங்கேயே வெந்துவிடும். உள்ளங்கையின் பின்புறத்தில் ஒரு உருண்டை வைத்தால் சூடு தெரியாத பக்குவத்தில்தான் தூவ வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் புரோபயாடிக்குக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். சாதாரணப் பேதிக்கு மலம் கட்டிய பிறகு இரண்டு மூன்று நாள் வரை கொடுத்தால் போதும். கொடுத்த பாக்டீரியா குடலில் குடியேறித் தங்காது, நிறுத்தியதும் சில நாளில் வெளியேறிவிடும். அதனால் எப்போதோ ஒரு நாள் நினைவு வந்தால் ஒரு பாக்கெட் என்பது காசுக்குத்தான் கேடு. பௌலார்டி ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது, கூடவே கொடுக்கலாம். இந்த ஈஸ்டை 1920-களில் ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து பிரித்தெடுத்தார். கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளில் நாம் பார்க்கும் அதே மங்குஸ்தான். அதற்காகத் தோலை வேகவைத்து நாய்க்குக் கொடுத்துவிட வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் நாய்க்கும், உடல் எதிர்ப்பே இல்லாமல் தளர்ந்துபோன நாய்க்கும் உயிருள்ள ஈஸ்ட் ஆபத்தாக முடியலாம்.

தயிருக்கு வருவோம். வீட்டுத் தயிரில் எத்தனை பாக்டீரியா, எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பங்கு வயிற்று அமிலத்தில் செத்துவிடும். ஆகவே அதை மருந்தாக எண்ணாமல் நல்ல உணவாக எண்ணுங்கள். பாலைவிட லாக்டோஸ் குறைவு, பல நாய்களுக்கு ஒத்துப்போகும், சோறு தின்ன மறுக்கும் நாய் தயிர் வாசனைக்கு வாய் வைக்கும். 5 கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, 10 கிலோவுக்கு இரண்டு, 25 கிலோவுக்கு மேல் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு இவ்வளவு போதும். முதல் நாள் பாதி அளவு கொடுத்து, வாயு கூடுகிறதா, இளகுகிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். எருமைத் தயிர் என்றால் மேலே கட்டியிருக்கும் ஆடையை முழுதாக எடுத்துவிடுங்கள், எருமைப் பாலில் கொழுப்பு பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு சதவீதம் இருக்கும்.

மலையில் தயிர் உறைவதே தனி வேலை. உறைக் கிருமிகளில் ஒரு கூட்டத்துக்கு 42 டிகிரி சூடு பிடிக்கும், இன்னொரு கூட்டத்துக்கு 25-லிருந்து 30. சமையலறையே 10 டிகிரியில் இருக்கும் இரவில் இரண்டும் வேலை செய்யாது. குளிரிலும் வளரும் வேறு பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் தயிர் கெட்டியாகாமல், கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுத்து, லேசாகக் கசக்கும். அதை வீணாக்க மனமில்லாமல் நாய்க்கு ஊற்றுவதுதான் நடக்கிறது. அது கூடாது. வயிறு கெட்ட நாய்க்குக் கெட்ட தயிர் வைத்தால் இன்னும் கெடும்.

சரியாக உறைய வைக்க, அரை லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, சுத்தமான விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை தாங்கும் சூட்டுக்கு ஆற்றுங்கள். உறையை ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வையுங்கள், சில்லென்ற உறை பாலின் சூட்டை இறக்கிவிடும். சமவெளியில் ஒரு தேக்கரண்டி போதும் என்றால் இங்கே இரண்டு. ஹாட்பேக்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு பாலை ஊற்றி மூடுங்கள். மேலே பழைய கம்பளியை இரண்டு சுற்றுச் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கி வைத்தால் எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். ஹாட்பேக் இல்லையென்றால் குக்கருக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பால் பாத்திரத்தை அதில் நிறுத்தி மூடி வைக்கலாம், விசில் போட வேண்டாம். 12 மணி நேரத்துக்குள் உறையவில்லை என்றால் அந்தத் தயிர் நாய்க்கு வேண்டாம், அடுத்த உறைக்கும் வேண்டாம்.

தாளித்த மோர், வெங்காயப் பச்சடி, மிளகாய் போட்ட தயிர்சாதம் இவை நாய்க்கு ஆகாது. எஸ்டேட் லயங்களில் மூன்று வேளையும் வெறும் தயிர்சோறு தின்று வளரும் நாய்களைப் பார்த்தால் முடி மங்கி, முதுகெலும்பு தெரியும். வயிறு கெடாமல் இருக்கலாம், புரதம் போதவில்லை என்பதை அந்த முடியே சொல்லும். அதே தட்டில் ஒரு அவித்த முட்டை சேர்த்தாலே மாற்றம் தெரியும்.

பாக்டீரியாவுக்கும் தீனி வேண்டும், அதைப் பிரீபயாடிக் என்கிறார்கள். தனியாக வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மஞ்சள் பூசணியைத் தோல் சீவி, விதை நீக்கி, குக்கரில் வேகவைத்து மசித்து, 10 கிலோ நாய்க்கு ஒரு மேசைக்கரண்டி வைத்தால் பெருங்குடல் பேதியும் தணியும், மலச்சிக்கலும் இளகும். இசப்கோல் என்றால் அதே நாய்க்கு ஒரு தேக்கரண்டி போதும், கட்டாயம் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து. உலர்ந்த இசப்கோலை அப்படியே தூவினால் உள்ளே தண்ணீரை இழுத்து அடைத்துக்கொள்ளும். பழனி மலையின் விருப்பாச்சி வாழைப்பழம் அரைப்பழம் கொடுக்கலாம். கேரட் நம் மண்ணில் விளைவதுதான், பச்சையாகத் துண்டு போட்டால் மறுநாள் அதே துண்டு மலத்தில் வரும், வேகவைத்துக் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பேதி திரும்பத் திரும்ப வந்தால் புரோபயாடிக்கை மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை, எது கெடுக்கிறது என்று தேடுங்கள். குடற்புழு முதல் சந்தேகம். கூடலூர், தாண்டிக்குடி போன்ற கொஞ்சம் கதகதப்பான ஈர மண்ணில் கொக்கிப்புழு செழிக்கும். வாலடியில் வெள்ளரி விதை போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு, அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எட்டு வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று புழு மருந்து போக வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பார்த்துக் கொடுங்கள். ஆடு அறுக்கும் இடங்களில் ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி தெரிந்தால் அதை வெட்டி நாய்க்கு வீசும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அந்த நீர்க்கட்டிக்குள் இருக்கும் புழு நாய் வழியாக மனிதனின் ஈரலுக்கு வரும்.

அடுத்தது தோட்டம். கேரட், கோஸ் பாத்திக்குப் போடும் மக்காத கோழி எரு நாய்க்குப் பலகாரம். ரோஜாச் செடிக்குப் போடும் எலும்புத்தூளை மண்ணோடு தோண்டித் தின்னும். ஆமணக்குப் புண்ணாக்கு இவற்றையெல்லாம்விட மோசம். அதில் ரைசின் என்ற விஷம் இருக்கிறது, தின்ற சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் வாந்தியும் ரத்தப்பேதியும் தொடங்கும், மாற்று மருந்து கிடையாது. உரம் போட்ட அன்று நாயைக் கட்டி வைத்து, மூட்டையை உயரத்தில் ஏற்றி வைப்பது ஒன்றே வழி. நத்தைக்குப் போடும் மருந்துக் குருணைக்கும் இதே எச்சரிக்கை.

நம் மலையின் பெருமைகளே சில நாய்க்கு ஆகாதவை. ஊட்டி, கொடைக்கானல் சாக்லேட்டில் பால் சாக்லேட் என்றால் 10 கிலோ நாய்க்கு 100 கிராமிலேயே தொந்தரவு தொடங்கும், டார்க் என்றால் 35 கிராம் போதும். திராட்சை, கிஸ்மிஸ் போட்டது இரட்டைக் கேடு, சிறுநீரகம் போகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு நமக்கு மருந்து, நாய்க்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தின்ற அன்று வயிற்றுக் கோளாறு போலத்தான் தெரியும், இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பிளம்ஸ், பீச் பழக்கொட்டையும் பட்டர் ஃப்ரூட் கொட்டையும் குடலில் போய் அடைக்கும். பழ சீசனில் வாந்தி நிற்கவில்லை, மலமும் இல்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எல்லாம் சரிபார்த்தும் நாய் நிறையத் தின்று, நிறையப் போய், மெலிந்துகொண்டே வந்தால், குறிப்பாக அல்சேஷனாக இருந்தால், கணையம் நொதி சுரக்காத கோளாறாக இருக்கலாம். டிஎல்ஐ என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். உணவோடு நொதிப் பொடியும், குறைந்திருந்தால் பி12-உம் கொடுத்தால் தேறிவிடும். இதற்குப் புரோபயாடிக் மாதக்கணக்கில் கொடுத்துக் காலத்தைப் போக்கியவர்கள் நிறைய.

மலப் பரிசோதனைக்கு எடுத்துப் போகும்போது மண் ஒட்டாத நடுப்பகுதியிலிருந்து ஒரு எலுமிச்சையளவு எடுத்து, காய்ந்த மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மஞ்சூரிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் ஈரத் துணி சுற்றிக் குளிர்ச்சியாக வையுங்கள், உறையவிடாதீர்கள். ஜியார்டியா எல்லா நாளும் வெளியே வராது. அதனால் ஐந்தாறு நாளுக்குள் மூன்று வேறு நாட்களில் எடுத்த மலத்தைக் காட்ட வேண்டும். ஒரு தடவை ‘ஒன்றும் இல்லை’ என்று வந்ததை வைத்து ஜியார்டியா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இருக்கிறது என்று தெரிந்து டாக்டர் ஃபென்பெண்டசோல் மருந்து எழுதினால், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தினம் ஒரு தடவை, மூன்றிலிருந்து ஐந்து நாள். கடைசி நாளில் நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பின்பக்க முடியை நன்றாக அலசித் துடைத்து உலர்த்த வேண்டும். முடியில் ஒட்டிய முட்டையுறையை நக்கினால் மறுபடி முதலிலிருந்து. குளிர் நாளாக இருந்தால் நடுப்பகல் வெயில் வந்த பிறகு வெந்நீரில் குளிப்பாட்டுங்கள்.